கதவுக்காரியின் இடது கை

ஜனவரி 9

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு நான்காவது தடவையாக எழுதுகிறேன். போனில் கூப்பிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீங்கள் எடுக்க மாட்டீர்கள். எடுத்தாலும், "யாரு பேசறது?" என்று தெரியாதவர் மாதிரி கேட்பீர்கள். அதற்கு இது மேல்.

அண்ணன் போய் ஆறு மாதம் ஆகிறது. அன்று நான் வந்தேன். உங்கள் வீட்டுக்கு எதிர் நடைபாதையில், மருந்துக்கடை வாசலில் நின்றிருந்தேன். படி ஏறவில்லை. ஏன் என்று உங்களுக்கும் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன் அவர் எழுதிய கடிதம் என் மேசை இழுப்பறையில் இன்னும் இருக்கிறது. "என் கதவை அட்டையாக்கிவிட்டாய். இனி என் வீட்டுப் படி ஏறாதே." திட்டினாலும் அழுதுகொண்டேதான் எழுதியிருக்கிறார். வரிக்கு வரி மை கலைந்திருக்கிறது. அதனால்தான் அதைக் கிழித்துப் போட மனம் வரவில்லை.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடமாக ஓடும் 'கதவுக்காரி' அனிமேஷன் தொடரின் கடைசிப் பகுதியை இப்போது நான்தான் இயக்குகிறேன். இருபத்து மூன்று வருடம் அண்ணன் வரைந்த சித்திரக்கதை 201-ஆம் அத்தியாயத்தில் அந்தரத்தில் நிற்கிறது. எரிந்துபோன வீட்டின் கதவை முதுகில் கட்டிக்கொண்டு, மகுடத்துக்காக ஊரையே கிணற்றில் தள்ளிய இரட்டைச் சகோதரனைத் தேடி நடக்கிறவள், ஒருவழியாக அவன் அரண்மனை வாசலுக்கு வந்துவிட்டாள். கதவைப் பாதி இறக்கிவிட்டாள். அப்புறம்? இறக்கி வைப்பாளா, அவன் மேல் போட்டு நசுக்குவாளா?

பார்க்கிறவர்களுக்கு முடிவு வேண்டும் என்கிறது தயாரிப்புக் குழு. அண்ணனின் குறிப்பு ஏதாவது கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் நான்கு பேரை உட்காரவைத்து எழுதிக்கொள்வோம் என்கிறார்கள். அந்த நான்கு பேரை எனக்குத் தெரியும். அண்ணனின் நோட்டுப் புத்தகங்களை அனுப்பிவையுங்கள். என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், கதைக்காக.

பொடிசு

(நாற்பத்தெட்டு வயதில் இந்தப் பெயரில் கையெழுத்துப் போட எனக்கே கூச்சமாக இருக்கிறது. வேறு பெயரில் எழுதினால் நீங்கள் பிரிக்க மாட்டீர்கள்.)

ஜனவரி 20

பொடிசு,

மருந்துக்கடை வாசலில் நின்றவனைப் பார்த்தேன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தாய்.

நோட்டுப் புத்தகம் என்று ஒன்றும் இல்லை. அலமாரியைக் குடைந்தால் கிடைப்பது மளிகைச் சீட்டும் கரண்ட் பில்லும் முப்பத்தாறு தேய்ந்த பேனா முள்ளும்தான். அவர் எதையும் எழுதி வைக்கிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியாதா? உங்கள் நான்கு பேருக்கு வேண்டுமானால் மளிகைச் சீட்டை அனுப்புகிறேன். அதிலிருந்தும் ஒரு முடிவு எடுத்துவிடுவார்கள்.

நீங்கள் எல்லாரும் இந்தக் கதையை என்ன பாடு படுத்தியிருக்கிறீர்கள் என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், மனசு ஆறட்டும். முதல் அனிமேஷன்காரர்கள் கிணற்றில் ஊர் விழுகிறதோடு நிறுத்திவிட்டுப் போனார்கள். இருபத்தைந்து வாரம் பார்த்த சனங்கள் டிவியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது உன்னுடையது. கம்ப்யூட்டரில் செய்தாய். இரும்புப் பட்டை அடித்த மரக்கதவு அது. அதைச் சுமக்கிறவள் குனிந்து, மூச்சு வாங்கி, காலைத் தேய்த்து நடக்க வேண்டும். உன் படத்தில் அவள் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி துள்ளித் துள்ளிப் போனாள். ஊரே சிரித்தது.

போன வாரம் இதழாசிரியர் வந்தார். 201-ஓடு நிறுத்திவிட்டு, கடைசிப் பக்கத்தில் உன் அண்ணன் போட்டோவும் நன்றியும் போட்டு மூடிவிடலாம் என்றார். "இதுதான் கௌரவமா இருக்கும்" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு பெண் கதவைப் பாதி இறக்கிவிட்டு நிற்கிறாள், அவள் தலையில் போட்டோவை மாட்டுவது என்ன கௌரவம்?

நான் 202 வரைந்துகொண்டிருக்கிறேன். மேசை மேல் இருக்கிறது. இதை உன் குழுவிடம் போய்ச் சொல்லு.

அண்ணி

பிப்ரவரி 14

அண்ணி,

சொல்லவில்லை. சொல்வதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

எங்கள் ஸ்டுடியோவில் நிறம் தீட்டும் பிரிவுக்குத் தலைவி ஒருவர் இருக்கிறார். நாங்கள் அவரை நிறக்காரம்மா என்போம். திரையில் நிழல்கள் அச்சில் இருக்கிற மாதிரியே வர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததால், பக்கங்களைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி ஒட்டி வைத்திருக்கிறார். நேற்று என்னைக் கூப்பிட்டார்.

"சார், உங்க அண்ணனுக்கு நடுவுல ஏதாவது விபத்தா?"

"ஏன்?"

"நிழலுக்கு அடுக்கடுக்கா கோடு போடுறாரு பாருங்க. 117 வரைக்கும் எல்லாக் கோடும் வலது பக்கம் மேல ஏறுது. 118லேருந்து எல்லாமே வலது பக்கம் கீழ எறங்குது. ஒரு பக்கம்கூட விதிவிலக்கு இல்ல. வலது கைக்காரங்க இப்படிப் போட மாட்டாங்க சார்."

இரண்டு சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றேன். பார்க்கப் பார்க்க எனக்குள் ஓடியதெல்லாம் உங்கள் வீட்டுச் சமையலறை மேடை. நீங்கள் இடது கையால் வெங்காயம் நறுக்குவீர்கள், கத்தி சுவர்ப் பக்கம் இருக்கும். உங்களுக்குக் கல்யாணமான புதிதில் நான் எதிரில் சாப்பிட உட்கார்ந்தால் என் முழங்கையும் உங்கள் முழங்கையும் இடித்துக்கொள்ளும். "ரெண்டு பேரும் சண்டைக்கு நிக்கிற மாதிரியே சாப்பிடுறீங்க" என்பார் அண்ணன்.

கட்டம் போடுவது, பென்சிலை அழிப்பது, கறுப்பு நிரப்புவது, இவ்வளவுதான் உங்கள் வேலை என்று நினைத்திருந்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்திருக்கிறோம். எண்பத்து நான்கு அத்தியாயம், அண்ணி. முகங்களுமா?

பொடிசு

பிப்ரவரி 22

பொடிசு,

முகங்களும்தான்.

பதினோரு வருடம் யாரும் கேட்காத கேள்வியை ஒரு நிறக்காரம்மா கேட்டுவிட்டாள். அவளுக்கு என் நமஸ்காரம் சொல்.

அவர் வலது மணிக்கட்டில் நரம்பு போய்விட்டது. 118-இன் முதல் பக்கத்துக்கு மை போட உட்கார்ந்தபோது பேனா கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்தார், மறுபடி விழுந்தது. நாலாவது தடவை அவர் எடுக்கவில்லை. அச்சுக்குப் போக ஒன்பது நாள் இருந்தது. நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். "இந்த ஒரு மாசம் மட்டும்" என்றார். மாசம் மாசமாக அந்த ஒரு மாசம் வந்துகொண்டே இருந்தது.

பன்னிரண்டு வருடம் அவர் கோட்டுக்குள் கறுப்பு நிரப்பியவளுக்கு அவர் கோடு எங்கே வளையும் என்று தெரியாமல் இருக்குமா? கண், மூக்கு, துணி மடிப்பு, கதவில் ஆணி அடித்த தினுசு, எல்லாவற்றையும் அவரை மாதிரியே போட்டேன். நிழலை மறந்துவிட்டேன். கை தன் போக்கில் சாய்த்துக்கொண்டு போயிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், 118 வந்த பிறகு ஒருவர் பெரிய கட்டுரை எழுதினார். ஓவியரின் நிழல்களில் புதிய பயங்கரம் குடியேறியிருக்கிறதாம், எதிர்க்காற்று அடிக்கிறதாம். நாங்கள் இரண்டு பேரும் அதை உரக்கப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் எழுந்து போய்க் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினார்.

ஊருக்குச் சொல்லிவிடலாம் என்று நான் இரண்டு தடவை கேட்டேன். "கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். அப்புறம் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, பொடிசு. செத்துப்போனார் என்பதற்காக அது ஒரு நூல்கூடக் குறையவில்லை. அவர் நல்லவர்தான். நல்லவர் மேல் கோபப்படக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

இனி நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம்.

அண்ணி

மார்ச் 11

அண்ணி,

சொல்லிவிட்டேன். நல்ல செய்தி, உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் இதழாசிரியர் நம்பவில்லை. சுவரைக் காட்டினோம். பக்கத்தில் மூக்கை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தவர், "எம் மூக்குக்குக் கீழேயே" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார். கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். நீங்கள் 202 முதல் வரையலாம். முடிவையும் நீங்களே வரையலாம். நாங்கள் காத்திருந்து அதையே படமாக்குவோம். அந்த நான்கு பேரை வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொரு அத்தியாயத்தின் தலைப்பிலும் ஒரு வரி வரும்: "ஓவியர் தம் மனைவியிடம் சொல்லிச் சென்ற கதையின்படி." பழைய அத்தியாயங்களைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாமாம். அவர் வரைந்ததாகவே இருக்கட்டுமாம்.

உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். இருபத்து மூன்று வருடம் காத்திருந்தவர்களுக்கு இது அவருடைய முடிவு என்று ஒரு பிடிமானம் வேண்டும். அவர் உங்களிடம் சொல்லாமலா இருந்திருப்பார்? ஒரே வீட்டில், ஒரே மேசையில். ஒரு வரிதானே. கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். போடாவிட்டால் 202 அச்சேறாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்.

பொடிசு

மார்ச் 19

பொடிசு,

காகிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து இல்லை.

அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், பக்கத்துக் கட்டிலில் யாரும் இல்லாதபோது, நானே வாய்விட்டுக் கேட்டேன்.

"கடைசில அவ கதவை எறக்கி வைக்கிறாளா, இல்லையா?"

"தெரியலையே."

"உங்களுக்கே தெரியலைன்னா?"

"என்னையா கேக்குற? நீதானே வரையுற."

இவ்வளவுதான் அவர் சொல்லிச் சென்ற கதை. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அது எவ்வளவு பெரிய சொத்து தெரியுமா? பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அதை வாய்திறந்து ஒப்புக்கொண்டார். கேட்க நான் ஒருத்திதான் இருந்தேன். அதை எடுத்து ஊர் காதில் பூ சுற்றுகிற வரியாக மாற்றச் சொல்கிறாய். மாட்டேன். முடிவு என்னுடையது. நல்லா இருந்தாலும் என்னுடையது, சொதப்பினாலும் என்னுடையது. அவர் தலையில் கட்ட மாட்டேன், அவர் முதுகுக்குப் பின்னால் ஒளியவும் மாட்டேன். பெயர் போடட்டும், 118-லிருந்து போடட்டும். இல்லையென்றால் 202 இந்த மேசையிலேயே கிடக்கட்டும். எறும்பு படிக்கட்டும்.

பொய் வேண்டாம் என்று பேசுகிறவள் தன் பொய்யையும் சொல்ல வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன் உனக்கு வந்த கடிதம் நான் எழுதியது. முகத்தையே போட்டவளுக்குக் கையெழுத்து எம்மாத்திரம்? உன் படத்தைப் பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போதே அது என் கதவு. என் கோபம் என்று சொல்ல எனக்குப் பெயர் இல்லை. அதனால் அவர் பெயரில் எழுதினேன். அவருக்குத் தெரியாது.

நீ ஏன் வருவதில்லை என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "வேலை அதிகமாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இரண்டு மூன்று வருடத்துக்குப் பிறகு உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் பொய் ரொம்பப் பெரிதாகிவிட்டிருந்தது. இந்தப் புதுத் தொடரில் உன் பகுதி வந்ததும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். அவள் குனிந்து, காலைத் தேய்த்து நடந்தாள். "பொடிசு கத்துக்கிட்டான்" என்றார். அதையும் உனக்குச் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

'அட்டை' என்றதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன், அது அட்டைதான். படி ஏறாதே என்றதற்குக் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.

அண்ணி

மார்ச் 27

அண்ணி,

இழுப்பறையைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். மை ஒவ்வொரு வரியிலும் ஒரே பக்கமாக, வலது பக்கமாக இழுபட்டிருக்கிறது. எழுத எழுத இடது கையின் ஓரம் தேய்த்துக்கொண்டு போன தடம். நிழலில் உங்கள் கையை அடையாளம் கண்டவனுக்கு இதில் தெரியவில்லை.

ஒன்பது வருடமாக அதை என் அண்ணனின் கண்ணீர் என்று வைத்திருந்தேன். மருந்துக்கடை வாசலில் நின்றபோதும் அதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தாராம், நான் எதிர் நடைபாதையில் நின்றேனாம்.

இதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை. பதில் போடாதீர்கள்.

ஜூன் 5

அண்ணி,

நான் உங்களை மன்னிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதியிருப்பதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் கையெழுத்துப் போடாததால் அந்த நான்கு பேரையும் திரும்பக் கூட்டிவந்தார்கள். பதினைந்தே நாளில் முடிவு எழுதினார்கள். அதில் கதவுக்காரியும் சகோதரனும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், கிணற்றிலிருந்து ஊர் மொத்தமும் நனையாமல் எழுந்து வருகிறது. படித்துக் காட்டினார்கள். நிறக்காரம்மா தூரிகையைக் கழுவிக் குவளையில் நிறுத்தினார். "இதுக்கு நான் நெறம் குடுக்க மாட்டேன்" என்றார். அவர் பின்னாலேயே அந்த மாடி முழுக்கத் தூரிகையைக் கழுவியது. குழாயில் கலர் கலராகத் தண்ணீர் ஓடியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

கடைசிப் பாகத்தை நான் என் விருப்பப்படி முடித்து, ஒளிபரப்புக்கு முந்தின நாள் ஒப்படைத்தேன். வேறு ஒன்றைத் தயார் செய்ய அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை, நானும் வைக்கவில்லை. கதவு பாதி இறங்கி நிற்கிறது. அவள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது. திரை அணைகிறது. 118-ஆம் அத்தியாயம் வரும் பாகத்திலிருந்தே நிழல்கள் எல்லாம் உங்கள் பக்கமாகத்தான் சாய்கின்றன. கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அண்ணன் பெயர், 1 முதல் 117 வரை. அதற்குக் கீழே அதே அளவில் உங்கள் பெயர், 118 முதல் 201 வரை.

மறுநாள் காலையில் என் மேசையைக் காலி செய்யச் சொன்னார்கள். செய்தேன். பெட்டியில் உங்கள் கடிதங்களும் இருந்தன.

எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று வாசகர்களில் பாதிப் பேர் திட்டுகிறார்கள். மீதிப் பேர் பழைய புத்தகங்களைத் தரையில் பரப்பிக் கோடு பார்க்கிறார்கள். ஒரு பல் டாக்டர் ஸ்டுடியோவுக்கு எழுதியிருக்கிறார், 118 வந்த அன்றே நிழல் திரும்பியதைப் பார்த்தாராம், அச்சகத்துத் தவறு என்று பதினோரு வருடமாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாராம்.

இதை உங்களுக்காகச் செய்தேனா, கதைக்காகச் செய்தேனா என்று எனக்கே தெரியவில்லை. 'அட்டை' என்று நீங்கள் சொன்னது சரி என்பது மட்டும் தெரியும்.

பொடிசு

ஜூன் 18

பொடிசு,

பார்த்தேன். தனியாகத்தான் உட்கார்ந்து பார்த்தேன். பெயர் வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை. பிறகு உட்காரத் தோன்றவில்லை. நின்றுகொண்டே டிவியை அணைத்தேன்.

நேற்று இதழாசிரியர் வந்தார். உன் அண்ணன் நாற்காலியில் உட்காரப் போனார், முக்காலியைக் காட்டினேன்.

"உங்க பேர் மட்டும் போட்டா பாதி வாசகர் போயிடுவாங்கம்மா."

"போகட்டும். மீதிப் பாதிக்கு வரையுறேன்."

"அந்த ஒரு வரி..."

"டீ ஆறுது, குடிங்க."

டீயைக் குடித்தார். 202-ஐப் புரட்டினார். முதல் தடவை வேகமாக, இரண்டாம் தடவை மெதுவாக. மூன்றாம் தடவை புரட்டும்போது அவர் அதை எனக்குத் திருப்பித் தரப்போவதில்லை என்று புரிந்தது. அடுத்த மாதம் வருகிறது. அந்த வரி இல்லாமல், என் பெயரோடு. போகிறவர்கள் போகிறார்களா என்று அப்போது பார்ப்போம்.

202-இல் முகங்களை அவர் மாதிரி போடவில்லை. கதவுக்காரிக்குத் தாடை கொஞ்சம் அகலம், கண்ணுக்குக் கீழே தொங்கல் இருக்கிறது. இத்தனை வருடம் அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தவளுக்கு இல்லாமல் இருக்குமா? அவள் கதவை இறக்குவாளா என்று எனக்கு இன்னும் தெரியாது. யாரும் சொல்லித் தரப்போவதும் இல்லை.

இனி உன் விஷயம். நீ மன்னிக்க வேண்டாம். நான் உன் இடத்தில் இருந்தாலும் மன்னிக்க மாட்டேன். ஆனால் எனக்குக் கட்டம் போடவும், பென்சிலை அழிக்கவும், கறுப்பு நிரப்பவும் ஆள் வேண்டும். உனக்கும் இப்போது வேலை இல்லை. முதல் பக்கத்திலேயே உன் பெயர் அச்சில் வரும். இந்த வீட்டில் இனி பெயரில்லாமல் ஒருவரும் வேலை செய்யப்போவதில்லை. கோபத்தோடேயே வா, மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார், முழங்கை இடித்தால் இடிக்கட்டும். அவர் கடைசியாக உன்னைப் பற்றிக் கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்கிறேன். நீ என்ன திட்ட வேண்டுமோ திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

படி ஏறி வா. எதிர் நடைபாதையில் நிற்கிற வேலை வேண்டாம்.

இந்தக் கடிதத்தில் எங்காவது மை கலைந்திருந்தால் அது கை பட்டதுதான். வேறு எதையும் நினைத்துக்கொள்ளாதே.

அண்ணி